பாட்டியின் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் "நாசி லெமாக் எவ்வளவு?" என்று கேட்டால் "ரெண்டு வெள்ளி" என்று பதில் வருகிறது. நாம் நீட்டுவதோ நோட்டு. அதில் ஒரு துளி வெள்ளியும் கிடையாது. பிறகு ஏன் அதை வெள்ளி என்கிறோம்?

நம் முன்னோர் இங்கு வந்த காலத்தில் பணம் உண்மையிலேயே வெள்ளியாக இருந்தது. உள்ளங்கையை நிறைக்கும் கனமான வெள்ளிக் காசுகள்தாம் சந்தையிலும் சுரங்கத்திலும் கைமாறின. அந்தக் காசுகள் போய் நூறாண்டு ஆகிவிட்டது. பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. 'ரிங்கிட்' என்ற சொல்லும் அப்படித்தான். மலாய் மொழியில் அதற்குப் 'பல்பல்லாக இருப்பது' என்று பொருள். பழைய வெள்ளிக் காசின் விளிம்பில் வரிவரியாகப் பற்கள் இருக்கும். யாராவது ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைத் திருடினால் உடனே தெரியவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நம் மாநிலத்தின் பெயரைப் பாருங்கள்: மலாயில் 'பேராக்' என்றாலே வெள்ளிதான்!

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக் காசைப் பற்றியது. அதை நான் கெடுத்த கதையும் இதில் உண்டு. நீங்கள் அதே தவற்றைச் செய்யாமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

தகரப் பெட்டியில் ஒரு காசு

நான் நான்காம் படிவம் படித்த ஆண்டு. சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த ரப்பர்த் தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளைக் காலி செய்யவேண்டியதாயிற்று. ஈப்போவில் ஒரு தாமான் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பாட்டி தன் தகரப் பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு லாரியின் முன்னிருக்கையில் வந்தார்.

தீபாவளிக்கு முதல் வாரம் அந்தப் பெட்டியைத் திறந்தார். மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பெரிய காசு இருந்தது. கன்னங்கரேல் என்றிருந்தது. ஒரு பெண் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருக்கும் உருவம் மங்கலாகத் தெரிந்தது. "லட்சுமி காசு" என்றார் பாட்டி. கிரியானில் கரும்புத் தோட்டங்கள் இருந்த காலத்திலேயே வந்தவர்கள் தம் முன்னோர் என்றும், அப்போதிருந்து தாயிடமிருந்து மகளுக்கு இது வருகிறது என்றும் சொன்னார்.

பாட்டியை மகிழ்விக்கவேண்டும் என்று நினைத்தேன். குத்துவிளக்குத் தேய்க்கக் கரைத்து வைத்திருந்த புளியை எடுத்தேன். கொஞ்சம் சாம்பலையும் சேர்த்துப் பத்து நிமிடம் தேய்த்தேன். காசு பளபளத்தது. அது லட்சுமி இல்லை, அமெரிக்கக் காசு என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் பழம்பொருள் விற்கும் சந்தைக்கு அதை எடுத்துச் சென்றேன். ஒரு முதியவர் காசை வாங்கி விளக்கொளியில் மெல்லச் சாய்த்துப் பார்த்தார்.

"தம்பி, இத யாரு தேய்ச்சது?"

"நான்தாங்க ஐயா. ஒரே அழுக்கா இருந்துச்சு."

"அழுக்கு மட்டும் போகல தம்பி. மேல்தோலும் போயிருச்சு."

அவர் சொன்னதன் அறிவியலைப் புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

அமெரிக்கக் காசு பேராக்கில் எப்படி?

அந்தக் காசின் பெயர் 'டிரேட் டாலர்', அதாவது வணிக டாலர். 1873-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய நாணயச் சட்டத்தின்படி, ஆசிய வணிகத்துக்கென்றே இது அச்சிடப்பட்டது. அமெரிக்காவின் மேற்குப் பகுதிச் சுரங்கங்களில் அப்போது வெள்ளி ஏராளமாகக் கிடைத்தது. ஆனால் சீனாவிலும் நம் வட்டாரத்திலும் வணிகர்கள் மெக்சிகோ நாட்டு வெள்ளி டாலரையே நம்பினார்கள். அதனுடன் போட்டியிட, அமெரிக்கா தன் வழக்கமான டாலரைவிடச் சற்றுக் கனமான காசை உருவாக்கியது.

காசின் எடையும் தரமும் அதன்மீதே பொறிக்கப்பட்டன: 420 கிரெய்ன், ஆயிரத்தில் 900 பங்கு தூய வெள்ளி. நம் கணக்கில் 27.2 கிராம் எடை, அதில் 24.5 கிராம் தூய வெள்ளி, மீதி செம்பு. விட்டம் 38.1 மில்லிமீட்டர். முன்பக்கத்தில் சரக்கு மூட்டைகளின்மேல் அமர்ந்து, கடலை நோக்கி ஒலிவக் கிளையை நீட்டும் சுதந்திர தேவி. பின்பக்கத்தில் கழுகு. 1873 முதல் 1878 வரை ஏறத்தாழ 36 மில்லியன் காசுகள் புழக்கத்துக்காக அச்சிடப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி ஆசியாவுக்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை: 1876-இல் அமெரிக்கா தன் நாட்டுக்குள் இது சட்டப்படி செல்லாது என்று அறிவித்துவிட்டது. பிறந்த வீட்டில் செல்லாத காசு, புகுந்த வீட்டில் செல்லுபடியானது!

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1874-இல் இந்த டாலர் சட்டப்படியான பணமாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில்தான் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாகிப் பேராக் ஆங்கிலேயர் கைக்குப் போனது. லாருட்டிலும் பின்னர் கிந்தா பள்ளத்தாக்கிலும் ஈயச்சுரங்கங்கள் பெருகின. பினாங்கிலிருந்து வெள்ளி வந்தது. இங்கிருந்து ஈயம் போனது. 1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. ரப்பரும் இந்தக் காசும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பேராக்குக்கு வந்த விருந்தாளிகள். பிறகு இரண்டும் ஒன்றுக்கொன்று பகையானதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

1903-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று சொந்த வெள்ளி டாலர் வந்தது. அது அச்சானது இந்தியாவின் பம்பாயில். பழைய அந்நிய டாலர்கள் செல்லாக் காசுகளாயின. பெரும்பாலானவை உருக்கப்பட்டன. தப்பியவை பாட்டிமார்களின் பெட்டிக்குள் புகுந்தன. சிலவற்றுக்கு ஆசாரி வளையம் பற்றவைத்துக் கொடுக்க, பதக்கமாகக் கழுத்தில் ஏறின.

சாப்பு: காயமா, சான்றிதழா?

என் காசின் முகத்தில் ஏழெட்டு இடங்களில் சிறு குத்துகள் இருந்தன. யாரோ ஆணியால் குத்திக் கெடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவை சீன வணிகர்களும் காசு மாற்றுவோரும் குத்திய முத்திரைகள். நாம் 'சாப்பு' என்கிறோமே, அதேதான்.

அன்று போலிக் காசு ஒரு பெரும் தொல்லை. மலிவான உலோகத்தின்மேல் வெள்ளி முலாம் பூசி ஏமாற்றினார்கள். ஆகவே ஒரு வணிகர் காசை வாங்கியதும் எடை பார்ப்பார். கல்லில் போட்டு ஓசை கேட்பார். பிறகு தம் கடையின் சிறு முத்திரையை அதில் அடிப்பார். குத்து ஆழமாக இறங்கும்போது உள்ளே இருக்கும் உலோகம் தெரிந்துவிடும். உள்ளேயும் வெள்ளி என்றால் காசு தேறிவிட்டது. அந்தச் சாப்பு அடுத்தவருக்கும் ஓர் உறுதிமொழி ஆகும்.

நீண்ட காலம் சேகரிப்பாளர்கள் சாப்புகளைச் சேதம் என்றே ஒதுக்கினார்கள். இன்று நிலைமை மாறிவிட்டது. சாப்புக் குத்திய காசுகளை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். காசு எந்தெந்தக் கைகளைக் கடந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேறேது?

ஒரு துப்பறியும் குறிப்பும் உண்டு. சாப்பு கையால் குத்தப்படுவது. ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இரண்டு காசுகளில் விழவே விழாது. எங்காவது இரண்டு டிரேட் டாலர்களில் எல்லாச் சாப்புகளும் அச்சு அசலாக ஒத்திருந்தால், இரண்டும் ஒரே அச்சில் வார்த்த போலிகள் என்று உறுதியாகச் சொல்லலாம்.

தேய்மானத்துக்கு மதிப்பெண்

தேர்வுத்தாளுக்கு மதிப்பெண் இடுவதுபோலக் காசுக்கும் இடுகிறார்கள். முழு மதிப்பெண் 100 அல்ல, 70. இந்த அளவுகோலை 1949-இல் உருவாக்கியவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1793 முதல் 1857 வரை வெளிவந்த பெரிய செப்புக் காசுகளை அவர் சேகரித்தார். இன்ன காசு என்று மட்டும் கண்டுபிடிக்க முடிகிற அளவுக்குத் தேய்ந்ததற்கு 1. குறையே இல்லாததற்கு 70. விலையும் அதே கணக்கில் இருக்கும் என்று அவர் நினைத்தார். விலைக் கணக்கு விரைவிலேயே பொய்த்தது; மதிப்பெண் முறை மட்டும் நிலைத்து, இன்று எல்லா உலோகக் காசுகளுக்கும் பயன்படுகிறது. புழக்கத்துக்கே வராத காசு 60 முதல் 70 வரை பெறும்.

தேய்மானத்தைப் பார்ப்பது எப்படி? காசின் மேடான பகுதிகள்தாம் முதலில் தேயும். டிரேட் டாலரில் தேவியின் முழங்கால், தலைமுடி; பின்பக்கத்தில் கழுகின் தலை, இறக்கையின் மேல்விளிம்பு. அங்கே வரிகள் தெளிவாக இருந்தால் மதிப்பெண் ஏறும்.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் வையுங்கள். தேய்மானம் வேறு, சேதம் வேறு. ஆயிரம் கைகளில் புழங்கி மெல்ல மெல்லத் தேய்வது தேய்மானம். அது காசின் வயது. துளையிடுவது, வளையம் பற்றவைப்பது, அரத்தால் ராவுவது, தேய்த்துக் கழுவுவது எல்லாம் சேதம். நன்றாகத் தேய்ந்த காசும் தனக்குரிய சிறு மதிப்பெண்ணைப் பெற்றுவிடும். கழுவித் தேய்த்த காசோ, எழுத்துகள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், பெரும்பாலும் மதிப்பெண்ணே பெறாது. தரமிடும் நிறுவனங்கள் எண்ணுக்குப் பதிலாகக் 'கழுவப்பட்டது' என்று எழுதிவிடுகின்றன.

காசின் கீறல்கள் அதன் கைரேகை என்பதற்கும் ஷெல்டனே சாட்சி. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்த நல்ல செப்புக் காசுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் தரம் குறைந்த காசுகளை அவர் வைத்துவிட்டார் என்பது அவர் காலத்துக்குப் பிறகு வெளிவந்தது. காட்டிக்கொடுத்தவை பழைய புகைப்படங்கள். படத்திலிருந்த காசின் சிறு புள்ளிகளும் கீறல்களும், பெட்டியிலிருந்த காசில் இல்லை!

புளி என்ன செய்தது?

புதிதாக அச்சிட்ட காசை விளக்கின்கீழ் சாய்த்துச் சுழற்றினால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப்போல ஒளி சுற்றி வரும். அச்சுப் பேரழுத்தத்துடன் மோதும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. அப்படி வழிந்த தடங்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரப்புகளாகக் காசின் மேற்பரப்பில் நிற்கின்றன. சக்கரமாகச் சுற்றும் ஒளி அவற்றில் பட்டுத் திரும்புவதுதான்.

புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கில் படியும் ஆக்சைடையும் களிம்பையும் அது கரைப்பதால் விளக்கு துலங்குகிறது. விளக்குக்கு அது சரி. காசில் அமிலம் செம்புக் கலப்பைத் தாக்குகிறது. சாம்பலின் கடினத் துகள்களோ உப்புத்தாள்போல வரப்புகளை மழிக்கின்றன. வரப்பு போனால் சுழலும் ஒளி போய்விடும். அதற்குப் பதிலாக ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தோன்றும். சந்தையில் அந்த முதியவர் காசைச் சாய்த்துப் பார்த்தது அதற்குத்தான். இழந்த மேற்பரப்பைத் திரும்பக் கொடுக்க எந்த ஆய்வுக்கூடத்தாலும் முடியாது.

கறுப்பும் பச்சையும்

அப்படியானால் அந்தக் கறுப்பு என்ன? காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியுடன் வினைபுரிந்து வெள்ளி சல்ஃபைடு என்ற படலத்தை உண்டாக்குகின்றன. படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது மஞ்சள், செம்பழுப்பு, நீலம் என்று வண்ணம் காட்டும். மழைக்காலச் சாலையில் சிந்திய எண்ணெயில் வானவில் தெரிகிறதே, அதே ஒளிக் குறுக்கீட்டு விளைவு. தடிப்பானால் கறுப்பு. இயற்கையாகப் படிந்த இந்த நிறத்தைச் சேகரிப்பாளர்கள் விரும்பவே செய்கிறார்கள்.

ரப்பருக்கும் வெள்ளிக்கும் உள்ள பகை இங்கேதான் வருகிறது. நம் தாத்தா பாட்டி வெட்டிய பால், உருளையில் தகடாகிப் புகைக்கூடத்தில் காய்ந்து கப்பலேறியது. அதை உறுதியான ரப்பராக்கக் கந்தகம் கலந்து சூடேற்ற வேண்டும். சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்த வழி அது. உங்கள் மேசையிலுள்ள ரப்பர் பேண்டிலும் கந்தகம் இருக்கிறது. வெள்ளிக் காசை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தால், பேண்டு பட்ட இடத்தில் கறுப்புக் கோடு விழுந்துவிடும். பல பெட்டிகளில் காசுகள் கெட்டது இப்படித்தான்.

வெண்கலக் காசுகளுக்கு வேறு எதிரி. 1939 முதல் மலாயாவில் வெளிவந்த சதுர வடிவ ஒரு காசு பல வீடுகளில் இருக்கும். கை வியர்வையிலுள்ள உப்பும் நம் நாட்டின் ஈரக்காற்றும் சேர்ந்து அதில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். வழவழப்பாக ஒட்டியிருக்கும் கரும்பச்சை பெரும்பாலும் தீங்கில்லாதது. மாவுபோல உதிரும் வெளிர்பச்சை ஆபத்தானது. அதிலுள்ள குளோரைடு ஈரத்துடனும் ஆக்சிஜனுடனும் மீண்டும் மீண்டும் வினைபுரிந்து உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். இதை 'வெண்கல நோய்' என்பார்கள். மெத்தென்ற பிவிசி நெகிழி உறைகளும் வேண்டாம். வெப்பத்தில் அவை சிதைந்து ஒட்டும் பச்சைப் பிசினைக் காசில் படியவிடும்.

தண்ணீரில் ஒரு சோதனை

என் காசு உண்மையானதா என்ற ஐயம் எனக்கு விடவில்லை. டிரேட் டாலரில் போலிகள் மிக அதிகம். இயற்பியல் ஆசிரியர் உதவியுடன் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்தேன்.

முதலில் காந்தம். ஒட்டவில்லை; ஆக, இரும்பு இல்லை. (உங்கள் வீட்டிலுள்ள பழைய ஒரு சென் காசுகளிலும் இதைச் செய்து பாருங்கள். முதலில் வந்தவை வெண்கலம், காந்தத்தில் ஒட்டாது. பின்னால் வந்தவை செம்பு பூசிய எஃகு, ஒட்டும்.)

அடுத்தது ஆர்க்கிமிடிஸ். காசை எடை பார்த்தேன்: 26.90 கிராம். பிறகு தராசின்மேல் தண்ணீர்க் குவளையை வைத்துச் சுழியாக்கி, மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியைத் தொடாமல் முழுவதும் நீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 2.61 கிராம் காட்டியது. அது காசு விலக்கிய நீரின் எடை. ஆகவே காசின் கனஅளவு 2.61 கனசெண்டிமீட்டர். 26.90-ஐ 2.61-ஆல் வகுத்தால் 10.3. வெள்ளி 90 விழுக்காடும் செம்பு 10 விழுக்காடும் கலந்த உலோகத்தின் அடர்த்தியும் 10.3தான்! நம் ஊர் ஈயத்தால், அதாவது வெள்ளீயத்தால், செய்த போலியாக இருந்திருந்தால் 7.3 வந்திருக்கும், செம்பு என்றால் 9-ஐத் தாண்டியிருக்காது.

காசு உண்மையானது. புதிதாக இருந்தபோது 27.2 கிராம், இப்போது 26.9. குறைந்த 0.3 கிராமில் பெரும்பகுதி நூற்றாண்டுப் புழக்கம். ஒரு சிறு பங்கு என் பத்து நிமிட வேலை.

நீங்கள் செய்யவேண்டியது

பழைய காசு கிடைத்தால் முதலில் எதுவும் செய்யாதீர்கள். விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்குங்கள்; கீழே மெத்தென்ற துணி விரித்துக்கொள்ளுங்கள். இருபக்கமும் விளிம்பும் தெரியப் படம் எடுங்கள். எடையையும் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ச் சோதனையை வெள்ளிக் காசுக்கு மட்டும் செய்யலாம். முடிந்ததும் துடைக்காமல் மெல்ல ஒற்றி எடுத்து, நன்றாக உலரவிடுங்கள். பிவிசி இல்லாத உறையில் இட்டு, காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் போட்டு மூடி வையுங்கள். புளி, எலுமிச்சை, பற்பசை, ரப்பர் பேண்டு எதுவும் கிட்டே வரக்கூடாது. உதிரும் பச்சை தெரிந்தால் அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, விவரம் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். அந்தக் காசு வீட்டுக்கு எப்படி வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அதை எந்தத் தராசும் சொல்லாது.

அன்று சந்தையிலிருந்து திரும்பி, தேய்த்த காசைப் பாட்டியிடம் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. சன்னலருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். "பளபளன்னுதாம்ப்பா இருக்கு. எழுத்துக்குள்ள எங்கம்மா வச்ச குங்குமம் இருந்துச்சே, அதையும் சேத்துத் தேய்ச்சிட்டியா?" என்றார்.

உருப்பெருக்கி வைத்துத் தேடினேன். ஆழமாகக் குத்திய ஒரே ஒரு சாப்புக்குள் மட்டும் கடுகின் கால் அளவுக்குச் சிவப்பு ஒட்டியிருந்தது. இன்றும் இருக்கிறது. பாட்டி இல்லை. அவர் சொன்ன கதையை ஒரு தாளில் எழுதி, அந்தக் காசுடன் பெட்டியில் வைத்திருக்கிறேன்.